கடையில் வாங்கிய செயற்றிட்டங்களும் எங்கள் ஊர்க் கிணறுகளும்

தரம் 8இல் நான் செய்த செயற்றிட்டத்தின் பெயர் 'இலங்கையின் பாரம்பரியக் கைத்தொழில்கள்'. 'நான் செய்த' என்பது ஒரு பேச்சுக்குத்தான். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வரும் வழியில் ஒரு கொமினிகேஷனில் தலைப்பைச் சொன்னார். அங்கிருந்தவர் இணையத்தில் தேடி, 22 பக்கங்களை நிறத்தில் அச்சிட்டு, சுருள் கம்பி போட்டுக் கொடுத்தார். முன்னட்டையில் ஒரு ரோஜாப்பூ. கைத்தொழிலுக்கும் ரோஜாப்பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு 20க்கு 18 புள்ளிகள் கிடைத்தன.

என் பக்கத்தில் இருந்த தோழி அதே செயற்றிட்டத்தைத் தன் கையால் எழுதியிருந்தாள். அவளுடைய மூத்தம்மா பன்பாய் இழைப்பவர். அவரிடம் கேட்டு, புல்லை எப்போது அறுப்பது, எத்தனை நாள் காயவிடுவது, எப்படிச் சாயம் ஏற்றுவது என்றெல்லாம் எழுதிப் பென்சிலால் படமும் வரைந்திருந்தாள். நிறப் பிரதி எடுக்க அவள் வீட்டில் காசு இருக்கவில்லை. அவளுக்கு 11. "நேர்த்தி போதாது" என்று கீழே எழுதப்பட்டிருந்தது. அடுத்த தவணையில் அவளும் எங்கிருந்தோ காசு தேடி அச்சிட்ட கோப்பு ஒன்றைத்தான் கொண்டுவந்தாள். அந்தப் பென்சில் படங்களை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

இதை யாரையும் குறை கூறுவதற்காக எழுதவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பது கோப்புகளை வீட்டுக்குச் சுமந்து சென்று, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் திருத்தும் ஆசிரியையின் கண்ணுக்கு முதலில் தெரிவது அட்டைதான். ஆனால் செயற்றிட்டம் என்ற நல்ல விடயம் எங்கள் கைகளில் என்னவாகிப் போனது என்பதை மாணவிகளாகிய நாங்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

செயற்றிட்டம் மூலம் கற்பது புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்கக் கல்வியியலாளர் வில்லியம் கில்பற்றிக் 1918இல் 'செயற்றிட்ட முறை' என்ற கட்டுரையை எழுதினார். அவருக்கு முன்பே ஜோன் டூயி, பிள்ளை செய்து பார்த்துத்தான் கற்கிறது என்று வாதிட்டிருந்தார். பாடம் முடிந்த பின் அதை அலங்கரிப்பதற்கு அவர்கள் செயற்றிட்டம் என்று பெயர் வைக்கவில்லை. பிள்ளைக்கு உண்மையாகவே விடை தெரியாத ஒரு கேள்வி இருக்க வேண்டும், அந்த விடையைத் தேடிப் போகும் வழியில்தான் பாடம் வந்து சேர வேண்டும்.

எங்கள் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று கொண்டுவந்து, அந்தந்த ஊரின் தொழிலை வகுப்பறைக்குள் எடுத்தார்கள். என் உம்மம்மா அப்போது பாடசாலையில் படித்தவர். "பாய் இழைக்கப் பழக்கவா புள்ளய பள்ளிக்கூடம் அனுப்புற?" என்று அவருடைய வாப்பா சண்டைக்குப் போனாராம். நகரத்துப் பிள்ளைக்கு வைத்தியர் கனவு, எங்கள் பிள்ளைக்குப் பாயா என்ற அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. 1977இல் ஆட்சி மாறியதோடு அந்தப் பாடங்களும் போயின. பிறகு 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. ஆசிரியர் வழிகாட்டிகளைப் புரட்டினால் செயற்பாடுகளுக்கும் குழு வேலைகளுக்கும் குறைவே இல்லை. ஆக, எழுத்தில் எல்லாம் இருக்கிறது. அதைக் கையால் செய்யாமல் கடையில் வாங்குகிறோம்.

தரம் 10இல் விஞ்ஞான ஆசிரியை ஒருநாள் வகுப்புக்கு வந்து ஒரு கேள்வியை மட்டும் கரும்பலகையில் எழுதினார்: 'நமது ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, ஏன்?' கோப்பு வேண்டாம், அட்டை வேண்டாம், ஆளுக்கொரு அப்பியாசக் கொப்பி போதும் என்றார். பின்வரிசையில் ஒருத்தி, "டீச்சர், கடலுக்குக் கிட்ட இருக்கிறதெல்லாம் உவர்ப்புத்தானே?" என்றாள். "அளந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பதுதான் பதில்.

எங்கள் ஊர் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக உள்ள மணல் நிலம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பல வீடுகளில் தேநீரே உப்புக் கரிக்கும். எல்லோருக்கும் தெரிந்த விடயம் என்பதால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

முதல் தடை வீடுகளில் இருந்து வந்தது. குமர்ப்பிள்ளைகள் போத்தலும் கையுமாக வீடு வீடாகப் போவதா? என் உம்மாவும் இதைத்தான் கேட்டார். அஸர் தொழுகைக்குப் பின் புறப்பட்டு மஃரிபுக்கு முன் திரும்புவது, ஆசிரியையோடு இரண்டு தாய்மாரும் கூட வருவது என்று முடிவானது. போன பிறகுதான் ஒன்று விளங்கியது. இந்த வேலையை ஆண் பிள்ளைகளால் எங்களைப் போலச் செய்திருக்க முடியாது. எங்கள் வீடுகளில் கிணறு கொல்லைப்புறத்தில், குசினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்நிய ஆண்கள் அங்கே வர முடியாது. நாங்கள் நேரே கிணற்றடிக்கே போனோம். "தண்ணிய எதுக்கு மகள் எடுக்குறீங்க?" என்று தொடங்கி, எந்த வருடம் தண்ணீர் மாறியது, யாருடைய கலியாணத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் எடுத்தது என்பது வரை பெண்கள் சொன்னார்கள். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்ததையும், இரண்டு மூன்று மாரி கழிந்த பிறகே சில கிணறுகள் பழைய நிலைக்கு வந்ததையும் ஒரு மாமி சொன்னார். அது எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

மொத்தம் 24 கிணறுகள். ஆய்வுகூடத்தில் ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிராம் உப்பைக் கரைத்து, அதைப் பாதி பாதியாக ஐதாக்கி ஐந்து போத்தல்களில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சில துளிகள் விட்டால் வெண்ணிற வீழ்படிவு வரும். கிணற்று நீரின் கலங்கல் எந்தப் போத்தலின் கலங்கலோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் முறை. முதல் நாள் உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரும் கலங்கியது! நாங்கள் சோதனைக் குழாய்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தோம், அதிலும் குளோரைட்டு இருக்கிறது. ஒரு பின்னேரம் முழுவதும் செய்த வேலை வீண். ஆசிரியை திட்டவில்லை. அந்தப் பிழையைக் கொப்பியில் திகதியோடு எழுதச் சொன்னார். 'செறிவு' என்ற சொல்லை நான் தரம் 10 முழுவதும் மனப்பாடம் செய்திருந்தேன். அது எனக்கு விளங்கியது அந்தப் பின்னேரத்தில்தான்.

விடைதான் எங்களைக் குழப்பியது. கடலுக்கு மிக அருகில் வாளியால் அள்ளும் ஒரு பழைய கிணறு நன்றாக இருந்தது. அதைவிடத் தொலைவில் இருந்த சில கிணறுகள் உவர்ப்பாக இருந்தன. எங்கள் குழுவில் கடைசி வாங்கில் இருப்பவள், வகுப்பில் வாயே திறக்காதவள், அவளுடைய வாப்பா கிணறு இறக்குபவர். அவள்தான் சொன்னாள்: "அந்த வீடுகளில எல்லாம் மோட்டார் இருக்கு." மறுநாள் ஆசிரியை படம் வரைந்து காட்டினார். மணற்கரை நிலத்தின் கீழே உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. அதை நிரப்புவது மழை. ஓர் இடத்தில் மணிக்கணக்காக இறைத்தால் அந்த இடத்தில் உவர்நீர் கூம்பு போல மேலெழுந்து வரும். பாடப்புத்தகத்தில் இதே படம் இருந்திருந்தால் அதை அழகாகப் பார்த்து வரைந்து நிறம் தீட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

இனி எழுதப்போவது எனக்குச் சற்றுக் கஷ்டமானது. எங்கள் பட்டியலில் அதிக உவர்ப்பு 'வீடு 7'. அது எங்கள் வீடு. வாப்பா மோட்டார் பூட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் தன் கிணறு கெட்டது என்று பக்கத்து வீட்டு மாமி பல தடவை சொல்லியிருந்தார். "கடல் கிட்ட இருந்தா தண்ணி உவர்க்காம இனிக்குமா?" என்று எங்கள் வீட்டில் பதில் சொல்லப்பட்டது. அந்தப் பதிலைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. முதல் பிரதியில் வீடு 7இன் அளவை நான் எழுதாமல் விட்டேன். வரிசையில் 6க்குப் பிறகு 8 வருவதை ஆசிரியை கவனித்துவிட்டார். ஏன் என்று கேட்டபோது அழுதுவிட்டேன். "ஒரு மோட்டாரால்தான் என்று நிரூபிக்க 24 கிணறு போதாது. ஆனா அளந்ததை மறைக்கிறதுக்கு நமக்கு உரிமை இல்ல" என்றார். எழுதினேன். வாப்பா கொப்பியை வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்த வாரத்திலிருந்து தாங்கியை ஒரே தடவையில் நிரப்பாமல் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் இறைக்கத் தொடங்கினார். மாமியின் தண்ணீர் மாறியதா என்று இன்னும் அளக்கவில்லை.

இப்போது நான் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறேன். காலை பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவு கடந்தகால வினாத்தாள். ஆகவே, 'செயற்றிட்டம் செய்தால் பாடத்திட்டம் முடியாது' என்று சொல்லும் பெற்றோரை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. கிணறு ஆறு வாரம் எடுத்தது. பின்தங்கிய அலகை முடிக்கச் சனிக்கிழமைகளில் வந்தோம். எல்லாவற்றையும் இப்படிக் கற்கவும் முடியாது. சேதன இரசாயனத் தாக்கங்களை உட்கார்ந்து, எழுதி, மறந்து, மறுபடி எழுதித்தான் படிக்க வேண்டும். குழு வேலையிலும் கோளாறு உண்டு. எங்கள் குழுவில் ஒருத்தி ஒரு போத்தலைக் கூடத் தூக்காமல் எங்களுக்குச் சமனாகப் புள்ளி வாங்கினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனாலும் கேட்கிறேன்: தரம் 9இன் ஒரு தவணையில் மட்டும் நான் ஏழு செயற்றிட்டங்கள் ஒப்படைத்தேன். அந்த ஏழுக்கும் போன காசும் நேரமும் யாருக்குப் பயன்பட்டன? ஏழுக்குப் பதிலாக வருடத்துக்கு ஒன்று போதும். விஞ்ஞானம், புவியியல், தமிழ், கணிதம் எல்லாம் அந்த ஒன்றுக்கே புள்ளியிடலாம். எங்கள் கிணற்றுப் பட்டியலில் சராசரியும் வரைபும் இருந்தன, மாமிமாரிடம் எடுத்த பேட்டியும் இருந்தது. கேள்வி எங்கள் ஊரில் இருந்து வரட்டும், ஊரில் இருந்து வரும் கேள்விக்குக் கடையில் விடை இருக்காது. அச்சிட்ட கோப்பை ஏற்காமல், பிழையும் திகதியும் உள்ள கொப்பிக்குப் புள்ளி கொடுக்கட்டும். பிள்ளையை ஐந்து நிமிடம் நிறுத்தி, "இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால் போதும், செய்தவள் யார், வாங்கியவள் யார் என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்வியைத் தரம் 8இல் என்னிடம் கேட்டிருந்தால் பாய் இழைக்கும் மூத்தம்மாவின் பேத்திக்கு 18 கிடைத்திருக்கும்.

உம்மா வாப்பாமாரிடம் ஒன்றுதான். இரவு பத்து மணிக்குப் பிள்ளை "நாளைக்குச் செயற்றிட்டம் கொடுக்கணும்" என்று அழுதாலும் நீங்கள் கடைக்குப் போகாதீர்கள். பாதியில் நிற்கும் வேலையைப் பாதியாகவே கொண்டுவரட்டும்.

சென்ற மாதம் ஒரு வினாத்தாள் பிரதி எடுக்க அந்தக் கொமினிகேஷனுக்கே போனேன். கணினித் திரையில் 'கிணற்று நீர், தரம் 10' என்று ஒரு கோப்பு. எங்கள் இறுதி அறிக்கையை அங்கேதான் தட்டச்சுச் செய்திருந்தோம். "இது நல்லாப் போகுது மகள், மூணு பேர் எடுத்துட்டாங்க" என்றார் கடைக்காரர். திறந்து பார்த்தேன். எங்கள் 24 கிணறுகளும் அப்படியே இருந்தன, வீடு 7 உட்பட. முன்னட்டையில் மட்டும் புதிதாக ஒரு ரோஜாப்பூ.

நாங்கள் பயன்படுத்திய அளவு நாடாவும் ஐந்து போத்தல்களும் ஆய்வுகூட அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. கரைசலைப் புதிதாகச் செய்ய வேண்டும். கச்சான் காற்று முடிவதற்குள் தரம் 10 தங்கைமார் யாராவது அளக்கப் போவதாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மாமியின் கிணற்றடிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.