ஃபிட்ஸ் நின்னுபோச்சே, அப்புறம் என்ன?

போன வாரம் பீச்சில் காலை நடையின்போது, என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த நண்பர் ஒருவரைப் பார்த்தேன். அவர் மகனுக்கு 34 வயது. இரண்டு வருஷமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறானாம். மருமகள் குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன மாத்திரை என்று கேட்டேன். லெவெடிராசெட்டம் என்றார். "டாக்டரிடம் இந்தக் கோபத்தைச் சொன்னீர்களா?" என்றேன். "ஃபிட்ஸ்தான் நின்னுபோச்சே, அப்புறம் என்ன? இது அவன் புத்தி சார்" என்றார்.

அந்த "அப்புறம் என்ன"வோடுதான் எனக்குச் சண்டை. அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

2022-இல் என் மனைவிக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூன்று மாதம் கழித்து வலிப்பு. இதே மருந்தைத்தான் கொடுத்தார்கள், 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மருந்தின் மேல் எனக்குக் குறை இல்லை. மற்ற மாத்திரைகளோடு அதிகம் மோதாது என்பதால் பிரஷர், சர்க்கரை என்று பத்து மாத்திரை விழுங்கும் நம் வயதுக்காரர்களுக்கு அதைத் தருவதில் நியாயம் உண்டு. வலிப்பும் திரும்ப வரவில்லை.

வேறொன்று வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் தெருவில் குரல் கேட்காமல் குடும்பம் நடத்தியவள், பால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினாள். காப்பி ஆறிவிட்டது என்று என்மேல் டம்ளரை வீசினாள். ராத்திரியில் தனியாக அழுவாள். ஸ்ட்ரோக் மூளையைக் கெடுத்துவிட்டது, இனி இப்படித்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இரண்டு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு ஹாலுக்குப் போய்விடுவேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறை செக்கப்புக்குப் போகும்போதும் கேள்வி ஒன்றே ஒன்று. "ஃபிட்ஸ் வந்துச்சா?" "இல்லை சார்." உடனே சீட்டில் சி.எஸ்.டி. என்று மூன்று எழுத்து. கன்டினியூ சேம் ட்ரீட்மென்ட். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன் நான். "முன்னர் போலவே" என்று எழுதுகிறவன் ஃபைலைப் பிரித்துப் பார்த்திருக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியாதா?

டப்பாவில் இருந்த துண்டுக் காகிதத்தைப் படித்தவள் என் மகள். எரிச்சல், கோபம், மனச்சோர்வு எல்லாம் அதிலேயே அச்சாகி இருக்கிறது. அந்த மருந்தை அங்கீகரிப்பதற்கு முன் நடந்த சோதனைகளில், பெரியவர்களில் 100-க்கு 13 பேருக்கு இப்படிப்பட்ட நடத்தை மாற்றம் இருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 6 பேர்தான். மகள் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் முதலில் கிரியேட்டினின் பார்த்தார். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், வயதானவர்களுக்குச் சிலசமயம் அளவைக் குறைத்தாலே போதும் என்றார். என் மனைவிக்கு அது சரியாகத்தான் இருந்தது. அதனால் பிரிவராசெட்டம் 50 எழுதினார்.

இது அதற்குத் தம்பி முறை. மூளை செல்லில் எஸ்.வி.2ஏ என்ற அதே புரதத்தில்தான் போய் ஒட்டுகிறது, இன்னும் இறுக்கமாக. அதனால் அளவு பத்தில் ஒரு பங்கு போதும். ராத்திரி பழைய மாத்திரை, மறுநாள் காலை புதியது, அவ்வளவுதான் மாற்றம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதில் பயன் இல்லை. 2021-இல் காப்புரிமை முடிந்து நம் ஊர்க் கம்பெனிகள் பல போட்ட பிறகு விலையும் இறங்கிவிட்டது. மூன்றாவது வாரம், "என்னங்க, ஏன் என்கிட்ட பேசமாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வேலை செய்யும் மருந்தை மாற்றினால் வலிப்பு திரும்பிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான பயம். அதனால்தான் டாக்டர் மாற்ற வேண்டும் என்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைக்காரர் "அதே மாதிரிதான் சார்" என்று நீட்டுவதையும் வாங்காதீர்கள். உறவுக்கார மருந்து எப்போதும் சாதுவாக இருக்கும் என்றும் இல்லை. சிலருக்குப் புதியதிலும் எரிச்சல் போகாது, மயக்கமும் தூக்கமும் வேறு வரும். கார்பமாசெபினுக்கு ஆக்ஸ்கார்பசெபின் நெருங்கிய சொந்தம். ஆனால் முன்னதில் தோல் தடித்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பின்னதிலும் தடிக்கும். ரத்தத்தில் சோடியத்தையும் அது கூடுதலாகவே இறக்கும். வயதானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு பையன் கார்தெனால் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் தூங்கி வழிவான். மெத்துக்குச் சோம்பேறி என்று அடி விழும். அன்று மாற்று மருந்துகள் சொற்பம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இன்று மருந்துக்கடை அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் மகனின் புத்தி, மனைவியின் வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன சாக்கு?

நேற்று நண்பருக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். வருகிற வியாழக்கிழமை மகனுக்குச் செக்கப். மருமகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். தட்டு எறிந்ததைப் பையன் டாக்டரிடம் சொல்லமாட்டான், அவள்தான் சொல்ல வேண்டும்.