கடனோ, களவோ?

வண்டிக்குப் பெற்றோல் நிரப்பிய பின்னர்ச் சட்டைப்பையைத் துழாவி, பணமில்லாமை கண்டு கையைப் பிசைந்து நிற்பவன் கள்வனா, கடன்காரனா? 2022ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பெற்றோல் விலை லீற்றர் ஒன்றுக்கு 190 பென்சைக் கடந்தபோது இவ்வினா கூர்மை பெற்றது.

அந்நாட்டுச் சட்டம் இதற்கு விடைகாண இடர்ப்பட்ட வரலாறு சுவையுடையது. 1976இல் தீர்க்கப்பட்டது எட்வேட்ஸ் எதிர் டின் என்னும் வழக்கு. ஒருவன் பணியாளனைக் கொண்டு பெற்றோல் நிரப்புவித்து, விலை கொடாது வண்டியை ஓட்டிச் சென்றான். களவுக் குற்றம் நிலைக்கவில்லை. பெற்றோல் தாங்கியினுள் வீழ்ந்த அளவிலே அவனுடைமையாயிற்றாம். தன் பொருளைத் தானே களவாடுவார் உளரோ? தருக்கத்திற்கு ஒத்தது, உலகியலுக்கு ஒவ்வாதது. பாராளுமன்றம் 1978ஆம் ஆண்டுக் களவுச் சட்டத்தின் 3ஆம் பிரிவினால் அவ்வோட்டையை அடைத்தது.

சொல்லாராய்ச்சியிற் பழகிய யான் அப்பிரிவின் சொற்களையே உற்று நோக்குகின்றேன். அவ்விடத்திலேயே விலை கொடுத்தல் வேண்டும் என அறிந்திருந்தும், நேர்மையின்றி, கொடாது தப்பும் நோக்கத்தோடு அகலுதலே குற்றம். அதற்கு இரண்டாண்டு வரை சிறையுண்டு. ‘நேர்மையின்றி’ என்னும் அடையை நீக்கிவிடின், பணப்பையை மறந்துவந்த ஏழை ஆசிரியனும் சிறை புகவேண்டியவனே! விடுதிக் கட்டணம் பற்றிய அலன் வழக்கில், 1985இல் பிரபுக்கள் சபை இன்னும் ஒருபடி சென்றது: பிந்திக் கொடுக்க எண்ணியவன் குற்றவாளி அல்லன், என்றுமே கொடாதொழியும் எண்ணம் வேண்டும் என்றது.

எனவே பணமில்லாதவன் ஓடாது நிற்றல் வேண்டும். பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்துப் பின்னர்ச் செலுத்துதற்கு அங்குப் பல நிலையங்களிற் படிவம் உண்டு. கடன் தீர்ந்துவிடவில்லை; விற்றவன் குடியியல் நீதிமன்றில் அதனைக் கேட்கலாம். கடன் என்னும் நம் சொல் கடமையையும் குறிக்குமன்றோ!

ஆயின் விற்றவன் வண்டியை மறித்து வைக்கலாமா? விலை பெறாத வணிகன் தன் கைவசமுள்ள சரக்கையே நிறுத்திவைக்கலாம் என்கிறது விற்பனைச் சட்டம். பெற்றோலோ தாங்கியுட் போய்விட்டது. வண்டியை அவன் விற்றானில்லை.

இவ்விதி நமக்கு அந்நியமன்று. இலங்கையின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஆங்கிலேயரின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியதே. 1978இன் 3ஆம் பிரிவு நம் நாட்டுக்கு உரியதன்று. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள வஞ்சித்தற் குற்றத்திற்கோ ஏமாற்று வேண்டும். மறதி ஏமாற்றாகாது. ஆதலின் நம்மூர்ப் பெற்றோல் செட்டிலே, பணம் குறைந்தவனிடம் திறப்பைப் பறித்து வைத்துக்கொள்ளும் ஊழியர், அதற்கு மேற்சொன்ன கட்டளைச் சட்டத்திலே ஆதாரம் காணமாட்டார் என்பது என் துணிபு.