சிறிய நாய்க்கு மாட்டு மருந்து ஆகாது

நாய் வளர்க்காத விவசாயி வீடு கிராமத்தில் குறைவு. களத்துமேட்டுக்கும், மோட்டார் கொட்டகைக்கும், ஆட்டுப் பட்டிக்கும் அதுவே காவல். நாட்டு நாயுடன், பொமரேனியன் என்று பொதுவாக அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் போன்ற 5 முதல் 10 கிலோ எடையுள்ள சிறிய நாய்களும் இப்போது விவசாயிகள் வீடுகளில் வளர்கின்றன. இவற்றின் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணியைக் கண்டதும், மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தையோ, பயிருக்கு அடித்து மீந்த பூச்சிமருந்தையோ எடுத்து ஊற்றும் பழக்கம் பலரிடம் உள்ளது. இப்பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

உண்ணியை அப்படியே விட்டுவிடலாம் என்பது இதன் பொருளல்ல. நாய் உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு, எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகளையும் நாயின் உடலில் செலுத்துகிறது. காய்ச்சல், தீனி எடுக்காமை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல், சிறுநீர் காப்பி நிறமாகப் போதல் ஆகியவை இந்நோய்களின் அறிகுறிகள். தெள்ளுப்பூச்சியோ அரிப்பையும் சொறியையும் உண்டாக்குவதோடு நாடாப்புழுவையும் பரப்புகிறது. ஆகவே தடுப்பு அவசியம். ஆனால் உண்ணியோடு நாயையும் கொல்லும் மருந்தால் யாருக்கு என்ன லாபம்?

மருந்தின் அளவை நிர்ணயிப்பது உடல் எடையே. மாடுகளுக்குப் போடும் 1 சத ஐவர்மெக்டின் ஊசியை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்கு 50 கிலோ எடைக்கு 1 மி.லி. என்பது அளவு. 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 6 மி.லி. போதும். இதே கணக்கில் 6 கிலோ எடையுள்ள நாய்க்கு 0.12 மி.லி. தான் வரும். 'ஒரு மி.லி. போட்டால் என்ன ஆகிவிடும்' என்று கண்ணளவில் ஏற்றினால் எட்டு மடங்குக்கு மேல் மருந்து ஏறிவிடும். கோலி போன்ற சில இன நாய்களுக்கோ, மற்ற நாய்கள் தாங்கும் அளவே நரம்பைத் தாக்கும். ஆகவே இந்த ஊசியை நாய்க்குப் போடுவதா வேண்டாமா என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயல் மருந்து இன்னும் கெடுதல். நெற்பயிருக்கு அடிக்கும் பிப்ரோனில் மருந்தும், நாய்க்கு விற்கும் பிப்ரோனில் சொட்டு மருந்தும் பெயரளவில் ஒன்றுதான். ஆனால் வீரியமும், சேர்க்கப்பட்டுள்ள கரைப்பான்களும் வேறு. பயிர் மருந்து தோலில் படுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. மேலும் நாய் தன் உடம்பை நக்கும். ஊற்றிய மருந்து வயிற்றுக்குள்ளும் போகும். அந்த நாயைத் தடவி விளையாடும் குழந்தையின் கையிலும் ஒட்டும். முன்பு பலரும் நாய்க்குத் தூவி வந்த பி.எச்.சி. பவுடர் 1997-ம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்பதை நினைவில் கொள்ளவும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். புகையிலைக் கஷாயமும் விஷமே. வேப்பெண்ணெய் பூச்சிகளை ஓரளவு அண்டவிடாது. ஏறிவிட்ட உண்ணிக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நாய்க்கென்றே விற்கும் மருந்திலும் கவனம் தேவை. அமெரிக்காவில் சொட்டு மருந்துகளைப் பற்றிய புகார்கள் பெருகியதால், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-ல் ஆய்வில் இறங்கியது. பெரிய நாய்களைவிடச் சிறிய நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டதாக 2010-ல் அது தெரிவித்தது. பிப்ரோனில் சொட்டு மருந்தில் 10 கிலோவுக்குட்பட்ட நாய்க்கு உரிய குழாயில் 0.67 மி.லி. உள்ளது, 20 முதல் 40 கிலோ நாய்க்குரியதில் 2.68 மி.லி. உள்ளது. விலை மலிவு என்று பெரிய குழாயை வாங்கிச் சிறிய நாய்களுக்குக் குத்துமதிப்பாகப் பங்கிடக் கூடாது. எடைக்கேற்ற குழாயை வாங்கி, நாயின் நாக்கு எட்டாத பிடரியில் மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது.

மாத்திரையாகக் கொடுக்கும் புளூராலேனர், அபாக்சோலேனர் போன்றவை நன்கு வேலை செய்கின்றன. முன்னது சுமார் 12 வாரமும், பின்னது ஒரு மாதமும் பலன் தரும். ஆயினும் வலிப்பு வரும் நாய்களுக்கு இவற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கலாகாது. இதுபற்றி 2018-ல் அமெரிக்க மருந்துத் துறையும் எச்சரித்துள்ளது. அமிட்ராஸ் கரைசல் இளங்குட்டிகளுக்கு ஆகாது. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் மருந்து பூசிய நாயை அதன் அருகில் விடக்கூடாது; பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. 8 வாரத்துக்குட்பட்ட குட்டிகளுக்கு மருந்து எதுவும் வேண்டாம். பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் உதறினால் போதும்.

செலவில்லாத வேலை ஒன்று உண்டு. பலரும் அதைத்தான் செய்வதில்லை. நாய் உண்ணி தன் வளர்ச்சியின் ஒவ்வொரு பருவத்திலும் நாயை விட்டு இறங்கி, மீண்டும் ஏறுகிறது. சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கும் இடத்திலும் ஒளிகிறது. ஒரு பெண் உண்ணி 4,000 முட்டைகள்கூட இடும். ஆகவே நாயின் மேல் மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. வெடிப்புகளைப் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். படுக்கைச் சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். கண்ட உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது.

தவறி மருந்து அதிகமாகி, நாய் எச்சில் வடித்தாலோ, நடுங்கினாலோ, தள்ளாடினாலோ, கையுறை அணிந்து சோப்புப் போட்டு உடனே கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு விரைய வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

குறை விவசாயிகளிடம் மட்டும் இல்லை. மாட்டு மருந்தைச் சிறு புட்டியில் பிரித்து, லேபிள் இல்லாமல் கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. அந்தப் புட்டியைப் பார்த்து எந்த மருத்துவரும் மாற்று மருந்து சொல்ல முடியாது. வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்கு விவசாயிகள் நாயை எப்படியும் கூட்டி வருகிறார்கள். அங்கே ஒரு தராசு வைத்து, எடையையும், அதற்கேற்ற உண்ணி மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. நெல்லையும் பருத்தியையும் கிலோ கணக்கில் நிறுக்கும் தராசு ஊரில் இருக்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஒருமுறை ஏறி, பின்பு நாயில்லாமல் ஒருமுறை ஏறினால், வித்தியாசமே நாயின் எடை. அந்த எடையைச் சொல்லி மருந்து கேட்பதே விவசாயி முதலில் செய்ய வேண்டிய காரியம்.