மாலை வகுப்பை எதைக்கொண்டு அளப்பது?

பள்ளியின் கடைசி மணி அடித்ததும் இந்தியக் குழந்தைகள் இரண்டு வழிகளில் பிரிகின்றனர். ஒரு பகுதியினர் பணம் கட்டிய டியூஷனுக்குச் செல்கின்றனர். மற்றவர்களில் பலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், தண்ணீர் பிடிக்கவும், ஆடு மாடுகளை ஓட்டி வரவும், தாய் சுற்றும் பீடிக்கு இலை வெட்டவும் வீடு திரும்புகின்றனர். ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2025இல் நடத்திய கல்விக் கணக்கெடுப்பின்படி, மாணவர்களில் 27 சதவீதத்தினர் பள்ளிக்கு வெளியே தனிப்பயிற்சி பெறுகின்றனர். கிராமப்புறங்களில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கட்டணம் செலுத்தி டியூஷன் படிப்போர் 2018க்கும் 2022க்கும் இடையே 26.4 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாக உயர்ந்ததாக அசர் அறிக்கை காட்டியது. பீகாரிலும், இடதுசாரிகள் நீண்ட காலம் ஆட்சி நடத்திய மேற்கு வங்கத்திலும் இந்த அளவு 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இலவசம் என்று சட்டம் அறிவித்த தொடக்கக் கல்வியின் ஒரு பங்கு, மாலை நான்கு மணிக்குப் பிறகு விலைக்கு விற்கப்படுகிறது என்பதே இதன் பொருள்.

அந்த விலையைக் கொடுக்க இயலாத குடும்பங்களின் குழந்தைகளுக்காகத் தொண்டு நிறுவனங்களும், மாநில அரசுகளும், மாணவர் வாலிபர் இயக்கங்களும் மாலை வகுப்புகளை நடத்துகின்றன. இவ்வகுப்புகளால் பயன் உண்டா என்ற கேள்வி இருபது ஆண்டுகளாகப் பொருளாதார அறிஞர்களால் முறையாக ஆராயப்பட்டு வருகிறது. அந்த ஆய்வுகளை ஒதுக்கித் தள்ளுவது தவறு. அவற்றின் முடிவுகளை அப்படியே விழுங்குவதும் தவறு. மாலை வகுப்பு மதிப்பெண்ணை எவ்வளவு உயர்த்தியது என்பதோடு, அது யாரைச் சென்றடைந்தது, யாருடைய உழைப்பில் நடந்தது, பகல் பள்ளியில் எதை மாற்றியது என்பவற்றையும் கேட்டாக வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை தராத எந்த மதிப்பீடும் பாதி மதிப்பீடே.

டெல்லி காட்டிய உண்மை

2015-16ஆம் கல்வியாண்டில் டெல்லியின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் இயங்கிய ‘மைண்ட்ஸ்பார்க்’ மாலை மையங்களைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் ஆகிய மூவரும் ஆராய்ந்தனர். அரசு நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 619 மாணவர்கள் ஆய்வில் இடம்பெற்றனர். குலுக்கல் முறையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மையத்தில் இலவச இடம் கிடைத்தது. வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பு. அதில் பாதி நேரம் மாணவர் தம் நிலைக்கேற்பக் கணினியில் பயின்றனர். மீதிப் பாதியில் 12 முதல் 15 பேர் கொண்ட குழுவாக அமர்ந்து ஒரு பயிற்றுநரிடம் படித்தனர்.

இந்த ஆய்வு முதலில் வெளிக்கொணர்ந்தது பகல் பள்ளியின் நிலையைத்தான். ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்த சராசரி மாணவர், கணிதத்தில் தம் வகுப்புக்கு இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது இந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்தது. மையத்துக்கு வராத மாணவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர், ஆய்வுக் காலம் முழுவதும் பள்ளிக்குச் சென்றும் அளந்து காட்டக்கூடிய முன்னேற்றம் எதையும் பெறவில்லை. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார். மாணவரோ மூன்றாம் வகுப்புக் கழித்தலில் நிற்கிறார். இருவரும் ஒரே அறையில் இருந்தும் சந்திப்பதே இல்லை.

மையத்தில் இடம் பெற்றவர்கள் நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்டவிலக்கமும், இந்தியில் 0.23 திட்டவிலக்கமும் முன்னேறினர். எளிமையாகச் சொன்னால், நூறு பேர் கொண்ட தரவரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் கணிதத்தில் ஏறத்தாழ 36ஆம் இடத்துக்கு முன்னேறியதற்கு இது ஒப்பாகும். ஆனால் இதே மாணவர்களின் பள்ளிக் கணிதத் தேர்வில் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பில் நின்றவர் நான்காம் வகுப்பு நிலைக்கு ஏறியிருக்கலாம். பள்ளித் தேர்வு ஆறாம் வகுப்பு வினாக்களை மட்டுமே கேட்பதால் அந்த ஏற்றம் அதன் கண்ணுக்குப் படவில்லை. மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து ஒரு மாலை வகுப்பைத் தோல்வி என்று முடிவுகட்டுவோர் இதனைக் கருத வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கணினியும் பயிற்றுநரும் சேர்ந்து தந்த பலனையே அந்த ஆய்வு அளந்தது. இதில் கணினிக்கு எவ்வளவு, மனிதருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதன் அமைப்பு இடம் தரவில்லை. கல்வி மென்பொருளை விற்கும் நிறுவனங்கள் இத்தகைய முடிவுகளைக் காட்டும்போது, குழுவின் நடுவே அமர்ந்திருந்த பயிற்றுநர் மட்டும் படத்திலிருந்து மறைந்துவிடுகிறார்.

வராத குழந்தை

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2005-06இல் 280 கிராமங்களில் நடந்த ஆய்வு வேறொரு பாடத்தைத் தருகிறது. அவற்றில் 65 கிராமங்களில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்புகளை நடத்தச் செய்தனர். எழுத்தே அறியாமல் வந்து சேர்ந்த குழந்தைகள், மற்றக் கிராமங்களின் குழந்தைகளைவிட எழுத்துகளை அடையாளம் காண்பதில் வெகுவாக முன்னேறினர். முறை பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாசிக்கவே தெரியாத குழந்தைகளில் அவ்வகுப்புகளுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் மட்டுமே. யாருக்காக வகுப்பு தொடங்கப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

வந்தவர்களின் முன்னேற்றத்தை மட்டும் கணக்கிட்டால் இது வெற்றி. வராதவர்களையும் எண்ணினால் சித்திரம் மாறுகிறது. மாலை வகுப்பு என்பது குழந்தையின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்பது. ஏழைக் குழந்தைக்கு அப்படி ஒரு நேரம் இருக்கிறதா? 2016இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், ஆபத்தற்றவை என்று கருதப்படும் குடும்பத் தொழில்களில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் உதவலாம் என்று வழிவிட்டது. மாலை வகுப்புக்கு உரிய அதே மணி நேரத்தைச் சட்டமே உழைப்புக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பெண் குழந்தைக்குச் சட்டம் கூடத் தேவையில்லை. சமையலும் குழந்தை வளர்ப்பும் அவளுக்காக ஏற்கெனவே காத்திருக்கின்றன.

எனவே மாலை வகுப்பு குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும். கேரளத்தில் பழங்குடியினர் குடியிருப்புகளிலேயே சமூகப் படிப்பறைகள் அமைக்கப்பட்டு, அதே சமூகத்தைச் சேர்ந்த படித்த இளைஞர்கள் அவற்றின் பொறுப்பாளர்களாக நியமிக்கப்பட்டது இத்திசையில் ஒரு முயற்சி. வீட்டில் விளக்கும் மேசையும் இல்லாத குழந்தைக்கு, குடியிருப்பிலிருந்து பத்தடியில் இருக்கும் அறை ஒரு பெரிய வசதி.

யாருடைய உழைப்பு?

கொரோனாக் காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டிருந்த பின்னர், தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு அவர்கள் வாழும் பகுதியிலேயே தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினர். மாநிலத்தின் கிராமப்புறக் குழந்தைகளிடையே நடந்த ஆய்வு ஒன்று, 2021 டிசம்பரில் காணப்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் ஈடுசெய்யப்பட்டதாகக் கண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதத்துக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்றும், ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளே அதில் கூடுதலாகச் சேர்ந்தனர் என்றும் அது கணித்தது.

ஜான்பூரில் எட்ட முடியாத குழந்தைகளை ஓர் அரசு, தன் நிர்வாக வலிமையைக் கொண்டு எட்ட முடிந்திருக்கிறது. இது பாராட்டுக்குரியது. அதே வேளையில் அந்த 24 சதவீதத்தை மறுபுறமிருந்தும் படிக்க வேண்டும். மீட்சியின் பெரும்பகுதி, பள்ளிகள் திறந்து இயங்கிய காலத்தில் அத்திட்டத்துக்கு வெளியே நிகழ்ந்தது. மாலை வகுப்பு துணை நின்றது. பகல் பள்ளிக்கு அது மாற்றாகிவிடவில்லை.

இத்திட்டத்தின் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. 2001 முதல் மும்பையிலும் வதோதராவிலும் ஆராயப்பட்ட ‘பால்சகி’ திட்டத்திலும் இதே கதைதான். அங்கு பள்ளி நேரத்துக்குள் பின்தங்கிய மாணவர்களுக்குக் கற்பித்த இளம்பெண்களுக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் மாணவர்களின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. திட்டம் நின்று ஓராண்டு கழிந்ததும் அந்தப் பலனின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஆயினும் இத்தகைய திட்டங்கள் ‘குறைந்த செலவில் நிறைந்த பலன்’ என்று உலகெங்கும் போற்றப்படுகின்றன.

செலவு குறைந்தது எப்படி? கற்பித்தவர்களுக்குக் கூலி கொடுக்கப்படவில்லை, அதனால் குறைந்தது. அங்கன்வாடியிலும் ஆஷா பணியிலும் பெண்களின் முழு உழைப்பைச் சேவை என்று பெயரிட்டு மதிப்பூதியத்தில் அடக்கிய அதே வழிமுறை, இங்கு கல்விக்கும் வந்து சேர்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, எழுத்தறிவு பெற்ற ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பித்தால் நாடே மாறிவிடும் என்ற தொனியில் பேசுகிறது. காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டிய அரசு, தன் கடமையை ஊராரின் நல்லெண்ணத்துக்கு மாற்றிவிடும் ஆபத்து இதில் உண்டு. செலவுக் கணக்கு எழுதும் மதிப்பீட்டாளர், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியையேனும் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற வரியையும் சேர்த்து எழுதட்டும்.

குற்றவாளி ஆசிரியரா?

தொண்டர் கற்பித்தால் குழந்தை கற்கிறது, ஆசிரியர் கற்பித்தால் கற்கவில்லை என்று சொல்லி, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மீது பழி போடுவோர் உண்டு. ஆய்வுகளே இதனை மறுக்கின்றன. பீகாரில் 2008ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு மாத வகுப்பை அரசுப் பள்ளி ஆசிரியர்களே நடத்தினர், குழந்தைகள் முன்னேறினர். அதே முறையில் பயிற்சியும் கற்பித்தல் பொருள்களும் பெற்ற ஆசிரியர்கள், கல்வியாண்டு தொடங்கியதும் அந்தப் பலனைத் தர இயலவில்லை. கோடையில் பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடி இல்லை; ஜூலையில் அது திரும்பி வந்துவிட்டது. அரியானாவில் 2012-13இல் பள்ளி நாளில் ஒரு மணி நேரம் தனியே ஒதுக்கப்பட்டு, 3 முதல் 5 வரையிலான வகுப்புகளின் மாணவர்கள் வகுப்புப்படி அல்லாமல் வாசிப்பு நிலைப்படி குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். கண்காணிப்பும் ஆதரவும் கிடைத்தன. அரசு ஆசிரியர்கள் கற்பித்தனர், மொழித்திறன் உயர்ந்தது.

ஆகவே மாலை வகுப்பில் வேலை செய்வது மாலை அல்ல. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதும், சிறு குழுவும், அதற்கென ஒதுக்கிய நேரமுமே வேலை செய்கின்றன. இம்மூன்றையும் பகலிலேயே கொடுக்க முடியும் என்பதற்கு அரியானா சான்று.

சட்டமும் அதையே சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்படும் கூடுதல் கற்பித்தலை வழங்குவதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் முடிக்குமாறும் அதே பிரிவு ஆணையிடுகிறது. போதிய ஆசிரியர்களும் நேரமும் தராமல் இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்டால், அதிகாரி ஆய்வுக்கு வரும்போது சரிபார்க்கும் பாடத்திட்டமே வெல்லும். பின்வரிசைக் குழந்தை தோற்கும். 2024இல் கிராமப்புற அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 44.8 சதவீதம் என்ற அசர் கணக்கு இந்தத் தோல்வியின் அளவுகோல். கூடுதல் கற்பித்தல் குழந்தையின் உரிமை. அதனைத் தருமமாகச் சுருக்க எவருக்கும் உரிமையில்லை.

செய்ய வேண்டியவை

மாலை வகுப்புகளை மூடிவிடுவது இதற்குத் தீர்வாகாது. இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தை, பள்ளி சீர்திருத்தம் பெறும்வரை பத்து வயதிலேயே காத்திருக்காது. குடிசைப் பகுதிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இரவுப் பாடசாலைகள் நடத்தும் தோழர்களின் பணி விலைமதிப்பற்றது. அந்தப் பணியும் கறாரான மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். முதல் நாளிலேயே ஒவ்வொரு குழந்தையும் எந்த நிலையில் நிற்கிறது என்பதை வகுப்பு எண்ணைப் பார்க்காமல் சோதித்துக் குறித்துக்கொள்ளலாம். பெயர் கொடுத்து நின்றுபோனவர்களின் பட்டியலை வந்தவர்களின் பட்டியலுக்கு அருகிலேயே வைத்து, காரணம் கேட்டு அவர்கள் வீடுகளுக்குச் செல்லலாம். கற்பிக்கும் இளம்பெண்ணுக்கு உரிய மரியாதையும் ஊதியமும் கிடைக்கின்றனவா என்று பார்க்கலாம். அங்கு தெரியவரும் குறைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும், ஊராட்சிக்கும், ஆசிரியர் சங்கத்துக்கும் எடுத்துச் செல்லலாம்.

அரசுகளிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் இங்கிருந்தே பிறக்கின்றன. காலிப் பணியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். அடிப்படைத் திறன்களுக்கெனப் பள்ளி நாளிலேயே ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். பாடச் சுமையைக் குறைக்க வேண்டும். பள்ளிக்குப் பிந்தைய நேரத்தைக் குழந்தை உழைப்புக்குத் திறந்துவிட்ட 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தை நீக்க வேண்டும். மாலை வகுப்பு தொடரும்வரை அதில் உழைப்பவருக்குச் சட்டப்படியான கூலி வழங்க வேண்டும்.

ஆண்டுதோறும் மாலை வகுப்புக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடுவதைப் பல அறிக்கைகள் சாதனையாகக் காட்டுகின்றன. பள்ளியிலேயே கற்றுக்கொண்டதால் அங்கு வரத் தேவையில்லாது போன குழந்தைகள் எத்தனை பேர் என்பதையும் அந்த அறிக்கைகள் எண்ணத் தொடங்கட்டும். அந்த எண்ணிக்கை உயரும்போது, மாலை நேரம் குழந்தைகளின் விளையாட்டுக்குத் திரும்பும்.