முன்னச்சை இறுக்குவோர் கவனத்திற்கு

காட்டுப் பாதையிலும் பாறைப் பாதையிலும் ஜீப் ஓட்டிப் பழகியவர்கள் நாலு பேர் கூடினால், முன்னச்சின் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டால் வண்டி ஏறாத மேடு கிடையாது என்ற அபிப்பிராயம் வேதவாக்கைப் போல மறுபேச்சின்றி ஏற்கப்படுவதைக் காணலாம். இது பாதி உண்மை. பாதி உண்மைக்கே உரிய அபாயம் இதிலும் உண்டு.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாதாரண டிஃபரன்ஷியல் தனக்கு வரும் முறுக்குவிசையை இரு சக்கரங்களுக்கும் சரிசமமாகப் பங்கிடும் ஸ்வபாவம் உடையதாகையால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுழலும்போது, அதைச் சுழற்றப் போதுமான அற்ப விசைதான் கல்லின்மேல் ஊன்றி நிற்கும் மற்றதற்கும் கிட்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் 6 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஜீப்புக்கும், மூலைக்கு மூலை இரு சக்கரங்கள் மண்ணை விட்டு எழும்பினால், இதே கதிதான்.

ஆனால் இந்தக் குறைக்குள்ளேயே ஒரு காப்பும் இருக்கிறது. சமபங்கீடு உள்ளவரை எந்தப் பக்கத்து ஆக்சிலும் மொத்த விசையில் பாதிக்கு மேல் சுமக்க நேராது. இறுக்கியபின்போ, பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் ஆக்சில் முழுவதையும் சுமக்கிறது, அதுவும் ஸ்டியரிங்கை முற்றிலும் ஒடித்த வேளையில், கோணி நிற்கும் மூட்டின் வழியாக. அந்த மூட்டு முறிந்து பாறைகளுக்கிடையே நிற்பவர் வண்டி செய்தவனை நொந்து என்ன பிரயோஜனம்?

திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். இறுக்கிய அச்சு அதற்கு இடங்கொடாமையால் வண்டி நேரே போகவே முரண்டுபிடிக்கும். தார் ரோட்டில் ஹப்பை விடுவித்து, முன்சக்கரங்களை அச்சிலிருந்து பிரித்துவிட்டால் போயிற்று என்பார்கள். நல்லது, பக்கவாட்டில் சாய்ந்த ஈரச் சரிவில் என்ன செய்வார்கள்? இறுக்காத அச்சில் ஒரு சக்கரம் வீணே சுழன்றாலும் மற்றது நங்கூரம்போல் மண்ணைப் பற்றியிருக்கும். இறுக்கிய அச்சில் இரண்டும் ஒருசேரச் சுழன்று, வண்டியின் முகத்தைப் பள்ளத்துக்குள் இழுத்துச் செல்லும்.

அப்படியானால் முன்னச்சைப் பூட்டவே கூடாதா என்று கேட்கலாம். பூட்டலாம், வேண்டும்போது பூட்டி, காரியம் முடிந்ததும் திறக்கக்கூடிய பூட்டாக இருக்க வேண்டும். 1990-இல் வந்த மெர்சிடிஸ் ஜி வண்டியில் நடு, பின், முன் என்ற வரிசையில்தான் மூன்று பூட்டுகளையும் போட முடியும். முன்பூட்டைக் கடைசியில் வைத்தவர்கள் காரணமின்றி வைக்கவில்லை. காற்றழுத்தத்தால் இயங்கும் பூட்டுகளும் ஓட்டுபவர் விசையைத் தட்டும்வரை சும்மாவே இருக்கின்றன.

பின்னச்சுக்கு ஒரு பூட்டும், 30 பவுண்டிலிருந்து 18 பவுண்டுக்குக் காற்று இறக்கிய டயர்களும் தரும் பிடிப்பைப் பரீட்சித்துப் பாராமலே வெல்டிங் பட்டறை வாசலில் போய் நிற்பவர், இழுக்கும் சக்தியைத் தேடித் திரும்பும் சக்தியைத் தொலைக்கிறார்.