மேல்வீட்டு சுவிட்சும் கீழ்வீட்டு லைட்டும்

டோர்செட் பார்க் மாதிரி இடங்களில சில வீடுகளில பேஸ்மென்டுக்குத் தனி பிரேக்கர் பெட்டி இருக்கலாம். கரண்ட் வயர் வழியா லைட் போட்டு நூர்க்கிற பழைய எக்ஸ்10-ஐ மேல அமத்தினா, கீழ பாதி லைட் அசையாது. காரணம் சிம்பிள். வீட்டுக்கு வாறது 120 வோல்ட் லைன் ரெண்டு. ஒண்டில இருந்து மற்றதுக்குத் தாவ, சிக்னல் தெரு ட்ரான்ஸ்போமர் வரை போய் மெலிஞ்சு திரும்பவேணும். மெயின் பெட்டியில ரெண்டையும் இணைக்கிற கப்ளர் பூட்டினா, அதில இருந்து கரண்ட் எடுக்கிற கீழ்ப்பெட்டிக்கும் சிக்னல் போகும்.

ஆனா கீழ வாடகைக்கு ஆள் இருந்தால் அது வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். எக்ஸ்10-இல மொத்தமே 256 முகவரி, பாஸ்வேர்ட் கிடையாது. ரெண்டு வீட்டிலயும் ஒரே கோட் எண்டால், மேல அமத்த, கீழ படிக்கிறவன்ர லைட் நூரும். அங்க வேண்டியது சிக்னலை மறிக்கிற ஃபில்டர். வாடகை குடுக்கிறவன்ர சுவிட்ச் அவன்ர கையிலதான் இருக்கவேணும். நீங்கள் என்ன சொல்லுறியள்?