தூக்குக் கயிறு போனால் போதுமா?

1999 ஜனவரி 27. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பேராலயத்தில் மாலை வழிபாடு முடிந்ததும், போப் இரண்டாம் ஜான் பால் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹனிடம் சென்று ஒரு கொலைக் கைதியின் உயிருக்காக மன்றாடினார். கைதியின் பெயர் டாரல் மீஸ். ஒரு தம்பதியையும், நடக்க முடியாத அவர்கள் பேரனையும் சுட்டுக் கொன்றவர். அவருக்கு விஷ ஊசி போட முதலில் குறித்திருந்த நாளும் அதே ஜனவரி 27தான். பிறகு தேதி தள்ளிப்போனது. கார்னஹன் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், மரண தண்டனையை ஆதரித்தவர். ஆனாலும் மறுநாளே தண்டனையைக் குறைத்தார்.

குறைத்து எதைக் கொடுத்தார்? பரோலே இல்லாத ஆயுள் சிறை. உயிர் பிழைத்ததைக் கொண்டாடியவர்கள் இந்தப் பாதியைப் பேசவில்லை.

உயிரைக் காக்கும் இந்த நிலைக்கு வந்து சேரவே கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெகுகாலம் பிடித்தது. போப் ஆண்ட ரோமில் தலை வெட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருந்தார். ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி என்ற அவர் 1796 முதல் 1864 வரை 516 பேரின் உயிரை எடுத்தார். டைபர் ஆற்றின் மறுகரையில் குடியிருந்த அவர் பாலத்தைத் தாண்டி வந்தாலே, இன்று யாருக்கோ முடிவு என்று ஊர் புரிந்துகொள்ளும். ஓய்வுபெற்றபோது ஒன்பதாம் பயஸ் அவருக்கு ஓய்வூதியமும் தந்தார். வத்திக்கான் சட்டத்திலிருந்து மரண தண்டனை நீங்கியது 1969இல்தான். எந்த நிலையிலும் அதை ஏற்க முடியாது என்று மறைக்கல்வி நூலை போப் பிரான்சிஸ் திருத்தியது 2018இல்.

பிரான்சிஸ் அதோடு நிற்கவில்லை. ஆயுள் தண்டனை என்பது ஒளித்துவைத்த மரண தண்டனை என்று 2014இல் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டே வத்திக்கான் சட்டத்திலிருந்து அதையும் எடுத்திருந்தார். மனிதன் கடைசி மூச்சுவரை மனம் திரும்பலாம் என்று போதிக்கும் சமயம், திரும்பி வந்தாலும் கதவு திறக்காது என்ற தண்டனையை எப்படி ஆதரிக்க முடியும்?

மரண தண்டனை கூடாது என்பதையே எல்லாக் கிறிஸ்தவர்களும் ஏற்பதில்லை. நியாயமாக நடத்தினால் மரண தண்டனை சரியே என்று அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் கூட்டமைப்பு 2000இல் தீர்மானம் போட்டது. அரசின் கையில் வாள் இருப்பதைச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரம் அவர்களுக்கு ஆதாரம். வேதத்தை மதித்து எழும் வாதம்தான் அது. ஆனால் தவறான தீர்ப்பில் போன உயிரை எந்த வாளாலும் மீட்க முடியாது.

கைதிக்குக் கதவு திறக்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டிலேயே ஒரு கடினமான சோதனை உண்டு. 1999இல் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் சிறுவர்களான அவர் மகன்கள் இருவரும் வண்டியோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் முக்கியக் குற்றவாளியான தாரா சிங்குக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2005இல் ஆயுளாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கணவரையும் பிள்ளைகளையும் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அப்போதே சொன்னார். அதே வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த இன்னொருவர் 2025 ஏப்ரலில் நன்னடத்தைக்காக விடுதலையானார். வெளியே வந்ததும், தன்னைப் பொய்யாகச் சிக்கவைத்தார்கள் என்றார். மாலை போட்டு வரவேற்றவர்களும் இருந்தார்கள்.

இது வலிக்காத கிறிஸ்தவர் இருக்க முடியாது. ஆனாலும் கைதிக்கு ஒரு நாளாவது கதவு திறக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள், அந்தக் கதவு இவருக்கும் திறந்ததை ஏற்கத்தான் வேண்டும்.